ஒரே மேசையில் வேலை செய்பவருக்கு மடிக்கணினியா, மினி பி.சி.யா?

நான் பக்கம் கட்டுகிறவன். பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் புத்தகங்களை வடிவமைத்துக் கொடுக்கிறேன். கூடவே மெய்ப்பும் பார்க்கிறேன், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால் அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். மழை, மின்தடை, அவசர வேலை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் அந்தப் பருவத்தை மனத்தில் வைத்துத்தான் எந்தக் கணினியையும் நான் எடைபோடுகிறேன்.

பல ஆண்டுகள் 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றில் வேலை செய்தேன். அதை வாங்கிய காலத்தில் வாரத்தில் பாதி நாள் ஓர் அச்சகத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து, கேட்ட திருத்தத்தை உடனுக்குடன் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு மடிக்கணினிதான் சரி. பிறகு பி.டி.எஃப். அனுப்பினால் போதும் என்றாகி, வேலை முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. மடிக்கணினி மேசையை விட்டு நகரவில்லை. சார்ஜரும் அதைவிட்டுக் கழலவில்லை.

ஒரு சித்திரை மாதம் அதன் டச்பேட் அழுந்துவது நின்றுபோனது. மேசைமேல் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. மூடினால் மூடி முழுதாகப் பொருந்தவில்லை. நடுவில் ஒரு கோடு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரத் தம்பி அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் தகட்டை விளிம்போடு நகர்த்தித் திறந்தார். பேட்டரியின் தட்டையான செல்களில் இரண்டு பூரிபோல உப்பி, மேலிருந்த டச்பேடை முட்டிக்கொண்டிருந்தன. "அண்ணாச்சி, இதை இனி சார்ஜில் போடாதீர்கள். அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இணைப்பு வயரை முதலில் உருவினார். சரியாகச் செய்தார். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, மின்கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஏன் உப்பியது என்பதைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும். லித்தியம் அயனி செல்லுக்குப் பிடிக்காதவை இரண்டு: நூறு சதவீதச் சார்ஜில் நெடுங்காலம் நிற்பது, வெப்பம். திருநெல்வேலிக் கோடையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், எப்போதும் மின்னிணைப்போடு இருக்கும் மடிக்கணினிக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாகிறது. வெளியேற வழியில்லாமல் உறை புடைக்கிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. மேசையிலேயே வைத்து மடிக்கணினியைப் பயன்படுத்துபவர்கள் அதை இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியை மாற்றிக்கொண்டு அதே கணினியைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அந்தக் கணினியின் செயலி (பிராசசர்) விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதது. ஆக, புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். எதை வாங்குவது? இன்னொரு மடிக்கணினியா, தனி மானிட்டரோடும் விசைப்பலகையோடும் இணைத்து ஓட்டும் சின்ன மேசைக் கணினியான மினி பி.சி.யா?

நான் கேட்ட எல்லோரும் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "வெளியே எடுத்துக்கொண்டு போவீர்களா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு யாரும் "மாட்டேன்" என்று பதில் சொல்வதில்லை. எப்போதாவது ஒருநாள் தேவைப்படலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. அந்த ஒருநாளுக்காக மடிக்கணினி வாங்கிவிடுகிறோம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியதிலிருந்து, எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினியே மடிக்கணினிதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் கணினி என்றாலே மடிக்கணினி என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் வேறு இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு நாளில் அதிக மணி நேரம் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்? அந்த இடத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? இவற்றுக்கு விடை எழுதியதும் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிட்டது.

முதலில் திரையைச் சொல்கிறேன், ஏனென்றால் என் தொழிலில் அதுதான் தலையாயது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பான்மை டெம்மி அளவு: ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். சென்டிமீட்டரில் உயரம் 21.6. ஒரு 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் 19.4 செ.மீ.தான். அதாவது ஒரே ஒரு டெம்மிப் பக்கத்தைக்கூட அச்சில் வரும் அளவிலேயே முழுதாகப் பார்க்க முடியாது. மென்பொருளின் பட்டைகள் மேலும் கீழும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். சுருக்கிப் பார்த்து ஓரத்து வெள்ளையையும் வரி இடைவெளியையும் மனக்கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். 27 அங்குல மானிட்டர் ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 33 செ.மீ.க்குச் சற்று மேல் உயரம். இடப்பக்கமும் வலப்பக்கமும் விரித்த நிலையில், அச்சு அளவிலேயே, பக்கத்தில் கருவிப் பட்டைகளுக்கும் இடம் விட்டு நிற்கின்றன. புத்தகத்தைக் கையில் விரித்தால் எப்படி இருக்கும் என்பதை முதன்முறையாகத் திரையிலேயே பார்த்தேன். பக்கத்தின் கீழே தனித்து நிற்கும் ஒற்றை வரி, எதிரெதிர்ப் பக்கங்களில் ஏறியிறங்கி நிற்கும் கடைசி வரி, இவையெல்லாம் அச்சுப்படி எடுத்த பிறகே முன்பு கண்ணில் பட்டன.

மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழில் ரகரத்துக்கும் கால் குறிக்கும் திரையில் வேறுபாடு மிகக் குறைவு. சில எழுத்துருக்களில் வேறுபாடே இல்லை. தட்டச்சு செய்பவர்கள் கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்திருப்பார்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து அடித்திருப்பார்கள். அச்சில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், மின்னூலாக்கும்போதும் சொல்லைத் தேடும்போதும் இந்தப் பிழைகள் காலை வாரும். புள்ளி விட்டுப்போன மெய்யெழுத்தையும், எகர ஏகாரக் கொம்பு மாறிப்போனதையும் பிடிக்க எழுத்தைப் பெரிதாக்கியாக வேண்டும். சிறிய திரையில் பெரிதாக்கினால் வரி முழுதாகத் தெரியாமல் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். கவனம் அங்கேதான் சிதறுகிறது. பெரிய திரையில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினாலும் வரி முழுதாக நிற்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. திரையின் ஒளிப்புள்ளிகளின் (பிக்சல்) நெருக்கத்தில் மடிக்கணினித் திரைதான் மேல். 15.6 அங்குலத்தில் 1920க்கு 1080 என்றால் அங்குலத்துக்கு 141 புள்ளி; நான் வாங்கிய 27 அங்குல, 2560க்கு 1440 மானிட்டரில் 109தான். 4கே வாங்கினால் 163 கிடைக்கும், எழுத்து அச்சடித்ததுபோலத் தெரியும். கண் வசதிக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு 4கேயைத்தான் சொல்வேன். என்னைத் தடுத்தது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். பழைய பதிப்பகங்கள் மறுபதிப்புக்குத் தரும் கோப்புகள் இன்னும் பேஜ்மேக்கரில்தான் இருக்கின்றன, அதுவும் யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில். 4கே திரையில் அந்தப் பழைய மென்பொருளின் பொத்தான்கள் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும், அல்லது விண்டோஸ் அதை இழுத்துப் பெரிதாக்கி மங்கலாக்கிவிடும். 1440 வரிகள் கொண்ட திரையில் உருப்பெருக்கம் இல்லாமலே எல்லாம் கண்ணுக்குப் படுகிற அளவில் இருக்கின்றன.

அடுத்தது கழுத்து. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியவை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை தூக்கி நிற்கும். கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும். நாளெல்லாம் குனிந்த தலையின் பாரத்தைத் தாங்கித் தாங்கி எனக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்திலும், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்திலும் இருக்கும்படி வைத்துக்கொண்ட பிறகு அந்த வலி தணிந்தது. ஐம்பது வயதை நெருங்கும் எந்த டி.டி.பி. தொழிலாளியிடமும் கேளுங்கள், இதைத்தான் முதலில் சொல்வார்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். மடிக்கணினியையே வாங்கி, அதில் பெரிய மானிட்டரையும் தனி விசைப்பலகையையும் இணைத்துக்கொண்டால் என்ன? வாரத்தில் ஓரிரு நாள் உண்மையிலேயே வெளியே போய் வேலை செய்பவர்களுக்கு அதுதான் சிறந்த வழி. யு.எஸ்.பி.-சி. ஒரே கேபிளில் திரைக்கான காட்சியும் சார்ஜும் சேர்ந்து போகும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வடிவத் துளை இருக்கிறது என்பதாலேயே அதில் காட்சி வெளிவரும் என்று நம்பக் கூடாது. சில மடிக்கணினிகளில் அது தரவுக்கு மட்டுமே. கடையிலேயே மானிட்டரை இணைத்துப் பார்த்து வாங்க வேண்டும். என் நிலையில், மூடியே வைத்திருக்கப்போகும் ஒரு திரைக்கும், தொடாத ஒரு விசைப்பலகைக்கும், மேசையில் வெந்துகொண்டிருக்கப்போகும் ஒரு பேட்டரிக்கும் காசு கொடுப்பதில் பொருள் இல்லை. அந்தக் காசு மானிட்டருக்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன். மானிட்டர் பல கணினிகளைத் தாண்டி நிற்கும் பொருள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் கணினியைப் பற்றிப் பேச முடியாது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டைக் கண்டவர்கள் மடிக்கணினியை விடமாட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது. மின்சாரம் போன நொடியில் வேலை நிற்காமல் தொடர்வது மடிக்கணினியின் உண்மையான பலம். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். கட்டாயம். பழைய பெரிய டவர் கணினிகளை யு.பி.எஸ்.ஸில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கோப்பைச் சேமித்து அணைப்பதற்குள் அது கதற ஆரம்பித்துவிடும். மினி பி.சி. அப்படி இல்லை. இவற்றில் பெரும்பாலும் 35 வாட் வகைச் செயலிதான். எழுதும் வேலை, பக்கம் கட்டும் வேலை நடக்கும்போது பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 60 வாட்டுக்கு அருகில்தான் நிற்கின்றன. வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 84 வாட்-மணி. மாற்றும்போது இழப்பதைக் கழித்தாலும் அரைமணி நேரத்துக்குக் கவலை இல்லை. அதே யு.பி.எஸ்.ஸில் இணைய மோடத்தையும் சேர்த்துவிட்டேன். பதிப்பகத்துக்குக் கடைசி பி.டி.எஃப். ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் ஏறி முடிகிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்புறம் பாருங்கள். பல கருவிகளில் யு.பி.எஸ். முறை, சாதாரண முறை என்று ஒரு சிறு விசை இருக்கும். சாதாரண முறையில் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் கணநேரத்திலேயே கணினி அணைந்து மறுபடி எழும். யு.பி.எஸ். முறையில் அந்த இடைவெளி மிகக் குறைவு. எங்கள் தெருவில் மழைக்காலத்தில் மணிக்கணக்கில் மின்சாரம் போவதுண்டு; அப்போது இன்வெர்ட்டர்தான் தாங்குகிறது, யு.பி.எஸ். நடுவில் பாலமாக நிற்கிறது. இன்வெர்ட்டரும் இல்லாத வீடு, யு.பி.எஸ். வாங்கவும் கை வரவில்லை என்றால் மடிக்கணினியே வாங்குங்கள். யு.பி.எஸ். பேட்டரியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியது என்பதைக் கணக்கில் சேருங்கள். என்றாலும் அது கடைக்குப் போய் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளும் பேட்டரி.

மின் கட்டணத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 60 வாட், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். மடிக்கணினியை இதே மானிட்டரோடு ஓட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. இதை வைத்து முடிவு எடுக்க வேண்டியதில்லை.

எந்த மினி பி.சி. என்பதில் எனக்கு நான்கு வழிகள் இருந்தன. ஆப்பிளின் மேக் மினி மனத்தை மிகவும் இழுத்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 மாதிரி ஐந்து அங்குலச் சதுரம். உள்ளேயே மின்வழங்கி, தொடக்க மாதிரியிலேயே 16 ஜி.பி. நினைவகம் (ரேம்), இந்தியாவில் அறிவித்த விலை 59,900 ரூபாய். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் யுனிகோடு எழுத்துருக்களும் மட்டும் போதும் என்பவர், அதை வாங்கினால் நான் பாராட்டுவேன். நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது என்பதை மட்டும் தெரிந்து வாங்க வேண்டும். என்னிடம் வரும் பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் அதை விட்டேன்.

இரண்டாவது, இன்டெலின் என்100 செயலி போட்டு இணையத்தில் விலை மலிவாக வரும் சின்னப் பெட்டிகள். நான்கு கரு (கோர்), ஆறு வாட். பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடம், கடைக் கணக்கு, காணொளி, இவற்றுக்குத் தாராளம். படங்கள் நிறைந்த நூலைத் திறந்து பி.டி.எஃப். எடுக்கும்போது திணறும். பெயர் தெரியாத நிறுவனப் பெட்டி என்றால் பழுதானால் எங்கே கொடுப்பது என்பதும் கேள்வி. மூன்றாவது, பெரிய நிறுவனங்களின் புதிய மினி பி.சி.; நல்லது, விலை அதிகம். மினி பி.சி.யைப் பரவலாக்கிய நக் வரிசையை இன்டெல் 2023-இல் கைவிட்டு ஏசுஸிடம் ஒப்படைத்துவிட்டது. பழைய ஆலோசனைகளைப் படித்துவிட்டு இன்டெல் நக் கேட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நான்காவது வழியைத்தான் எடுத்தேன். அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் மினி பி.சி.க்கள் புதுப்பிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்று மூன்று குடும்பங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு அருகில் இருப்பதால் ஒரு லிட்டர் கணினி என்றும் சொல்வார்கள். சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு திங்க்சென்டர் எம்720க்யூ வாங்கினேன். ஐ5-8500டி செயலி, ஆறு கரு. மானிட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்தாலும், நான் பார்த்து வைத்திருந்த சுமாரான மடிக்கணினியின் விலையைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை அதைத் திறந்தது. பின்புறம் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மேல்மூடியை முன்னால் தள்ளினால் மூடி கையோடு வந்துவிடுகிறது. மின்விசிறியின் இறக்கைகளில் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஆண்டுக்கணக்கான தூசி சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்து, காற்று ஊதும் கருவியால் ஊதினேன். கவிழ்த்து அடித்தகட்டை நகர்த்தினால் நினைவகத் துளைகள். ஒன்றில் 8 ஜி.பி. இருந்தது, மற்றது காலி. புதிய 8 ஜி.பி. வில்லையைச் சாய்வாகச் செருகி மெதுவாக அழுத்தியபோது இருபக்க உலோகக் கொக்கிகளும் "டக்" என்று பூட்டிக்கொண்டன. பக்கத்திலேயே கோப்புகளைச் சேமிக்கும் எம்.2 எஸ்.எஸ்.டி. இந்த இரண்டையும் பத்து நிமிடத்தில் நாமே மாற்றலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இன்று விற்கும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் நாளில் எடுத்த முடிவுதான் கடைசிவரை. 2025 இறுதியில் நினைவக விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் சில்லறை வணிகத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று மிகக் குறைவாக வாங்குவதும் இப்போது புத்திசாலித்தனம் அல்ல. 16 ஜி.பி.யோடு தொடங்குங்கள்.

பெட்டியின் அளவு ஏறத்தாழ 18 செ.மீ. சதுரம், மூன்றரை செ.மீ. தடிமன். மானிட்டரின் பின்னால் நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். அதில் பொருத்தும் தகடு வாங்கினால் பெட்டியே கண்ணில் படாது. நான் பொருத்தவில்லை. மேசையிலேயே வைத்திருக்கிறேன், பென் டிரைவைச் செருக முன்பக்கம் எட்ட வேண்டும் என்பதற்காக.

இழந்தவையும் உண்டு. கேமராவும் ஒலிவாங்கியும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. நூலாசிரியர்கள் காணொளியில் திருத்தம் சொல்ல விரும்பும்போது அவை இல்லாமல் முடியாது. நல்ல ஒலிபெருக்கி கிடையாது. மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சுகம் போயிற்று. அது சின்ன இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு சென்னைக்குப் போகும்போது முன்பு மடிக்கணினியைத் திறந்து நாலு பக்கம் கட்டுவேன். இப்போது அச்சுப்படியில் மெய்ப்பு பார்த்துக்கொண்டு போகிறேன். மெய்ப்பைப் பொறுத்தவரை தாள்தான் நம்பகமானது என்பது என் நெடுநாள் எண்ணம், அதனால் வேலை கெடவில்லை. புத்தகக் காட்சிக்கு முந்தைய நெருக்கடியில் பதிப்பக அலுவலகத்திலேயே தங்க வேண்டி வந்தபோது பெட்டியையும் அடாப்டரையும் துணிப்பையில் வைத்து எடுத்துப்போனேன். அங்கிருந்த மானிட்டரில் இணைத்ததும் என் எழுத்துருக்கள், என் கோப்புகள், என் குறுக்குவிசைகள் எல்லாம் அப்படியே வந்து நின்றன. எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான். போகும் இடத்தில் மானிட்டர் இருந்தால் மினி பி.சி.யும் பயணம் போகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் மடிக்கணினியை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் தங்கை மகள் பொறியியல் படிக்க விடுதியில் சேர்ந்தபோது, "மாமா, நீங்கள் வாங்கியதுபோல எனக்கும் ஒன்று வாங்கித் தாருங்களேன், விலை குறைவுதானே?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். விடுதி அறையில் மேசை அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. வகுப்பு, ஆய்வகம், நூலகம், விடுமுறைக்கு ஊர் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் விடுதிக்கு உகந்தவை அல்ல. அவளுக்கு 14 அங்குலத்தில், ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத, நினைவகத் துளை ஒன்றாவது உள்ள மடிக்கணினியைத் தேடி வாங்கிக் கொடுத்தோம். எடை முக்கியம். கடையில் விலைப்பட்டியலில் எழுதாத எடை சார்ஜரின் எடை; அதையும் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கினோம்.

புதுப்பித்த மினி பி.சி. வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, செயலியின் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். விண்டோஸ் 10 முடிந்துபோனதால் 6, 7ஆம் தலைமுறைப் பெட்டிகள் மலிந்து கிடக்கின்றன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. டெல்லில் 3050 மைக்ரோ பழையது, 3060 தகுதி உள்ளது. லெனோவோவில் எம்710க்யூ பழையது, எம்720க்யூ தகுதி உள்ளது. எச்.பி.யில் எலைட்டெஸ்க் 800 ஜி3 பழையது, ஜி4 தகுதி உள்ளது. எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வைஃபை அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அலுவலகங்கள் கம்பி இணைப்பில் ஓட்டிய பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. மானிட்டர் 4கே என்றால் டிஸ்பிளேபோர்ட் வழியாக இணையுங்கள். இந்தக் காலப் பெட்டிகளின் எச்.டி.எம்.ஐ. பழைய வகையாக இருந்தால் 4கேயில் நொடிக்கு 30 படங்கள்தான் வரும், சுட்டியின் நகர்வே தடுமாறும். அடாப்டர் அந்த நிறுவனத்துடையதுதானா என்று பாருங்கள். அடையாளம் தெரியாத அடாப்டரைச் செருகினால் சில பெட்டிகள் செயலியின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு, கடைக்காரரிடமே இருக்கும், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்னிணைப்பை உருவிச் சிறிது நேரம் கழித்துச் செருகிய பிறகு தேதியும் மணியும் தவறாகக் காட்டினால் உள்ளே நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது; அது சிறிய செலவு, அங்கேயே மாற்றித் தரக் கேட்கலாம்.

கடைசியாக, கணினி எழும்போது, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் அமைப்புக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பழைய அலுவலகம் போட்ட கடவுச்சொல் நீங்காமல் இருந்தால், விண்டோஸ் நன்றாக ஓடினாலும் நாளை பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவ முடியாமல் போகலாம். மின்தடைக்குப் பின் தானாக எழச் செய்யும் அமைப்பைக்கூட மாற்ற முடியாது. கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.